மணி அடிப்பதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்கிறான். என் வகுப்பில் நான் எதை மாற்ற வேண்டும்?

வெண்கட்டி எழுதியது:

வணக்கம். நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 38 பிள்ளைகள். இந்த ஆண்டு ஆட்டிசம் உள்ள ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான், ஒன்பது வயது. பேசுவான், வாசிப்பில் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருவன். பூட்டு என்றால் அவனுக்கு உயிர். எந்தப் பூட்டைப் பார்த்தாலும் அதன் உள்ளே எப்படி இருக்கும், சாவியின் பல் எங்கே போய்ப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதப்போவதை யாரும் புகாராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாடவேளை முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே காதைப் பொத்திக்கொள்கிறான். மணி அடித்ததும் மேஜைக்கு அடியில் போய்விடுகிறான், சில நாள் வெளியே வர இருபது நிமிடம் ஆகிறது. "அடுத்தது என்ன?" என்று காலையிலிருந்து கேட்டபடியே இருக்கிறான், பதில் சொன்னாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. போன வாரம் ஓவிய ஆசிரியர் வரவில்லை, அந்த நேரத்தில் நான் கணக்கை ஆரம்பித்தேன். பென்சில் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டான், அது முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் தோளில் பட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் அவள் வீட்டிலிருந்து வந்து பேசினார்கள், அவர்கள் கவலையும் நியாயம்தான். அன்று நான் சத்தம் போட்டுவிட்டேன், "எத்தனை தடவை சொல்றது உனக்கு" என்று. அந்த வாக்கியத்தையே என் குரலில், என் ஏற்ற இறக்கத்தோடு, மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

உடன் வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழக்குங்கள் என்கிறார் ஒருவர். வேலையை முடிக்காவிட்டால் பூட்டைப் பற்றிப் பேச விடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்ற 37 பேருக்கு என்ன சொல்வீர்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்கிறார். எனக்கு இதில் தனிப் பயிற்சி எதுவும் இல்லை. நாளைக் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் நான் செய்யக்கூடியது என்ன? அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகள் பயப்பட ஆரம்பிப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

---

நிழல்மரம் எழுதியது:

டீச்சர், நான் சிறப்புக் கல்வியாளராகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் தோன்றிய முதல் விஷயம்: பென்சில் பெட்டி பறந்த அந்த நிமிடத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம் மேஜையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அவன் தடுமாறும் ஒவ்வொரு முறையும் நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, என்னென்ன சத்தம், அப்புறம் அவனுக்கு எது உதவியது என்று நாலு வார்த்தை எழுதி வையுங்கள். ஊகத்தில் செய்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

நீங்கள் எழுதியதிலேயே ஒன்று தெரிகிறது. மணி, அடுத்தது என்ன, ஓவியத்துக்குப் பதில் கணக்கு, மூன்றும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம். 1943-இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோதே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பை ஆட்டிசத்தின் மையமான அடையாளங்களில் ஒன்றாகச் சொன்னார், பெரிய சத்தங்கள் அவர்களைக் கலங்கடிப்பதையும் சொன்னார். உங்கள் பையன் "அடுத்தது என்ன" என்று நாற்பது தடவை கேட்பது உங்களைச் சோதிக்க இல்லை. வாயால் சொன்ன பதில் காற்றில் போய்விடுகிறது. அவனுக்குத் திரும்பப் பார்த்துக்கொள்ளக்கூடிய பதில் வேண்டும்.

அதனால் நாளைக் காலை ஒரு நீளத் துண்டுத் தாளில் அன்றைய பாடவேளைகளை வரிசையாக எழுதி அவன் மேஜையில் ஒட்டுங்கள். நன்றாக வாசிப்பான் என்கிறீர்கள், படம் தேவையே இல்லை, எழுத்து போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே கோடு போட்டு அடிக்கட்டும். மறுபடி கேட்டால் பதில் சொல்லாமல் விரலால் தாளைக் காட்டுங்கள், கோபமாக இல்லாமல். கடைசி வரிசையில் "வீடு" என்று இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். நாள் எப்போது முடியும் என்று தெரிவதே பாதி நிம்மதி.

எதிர்பாராத மாற்றத்துக்கு ஒரு நிறம் வையுங்கள், ஆரஞ்சு நிறச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டை முதன்முதலில் கெட்ட செய்தியோடு காட்டாதீர்கள். கணக்கு ஐந்து நிமிடம் முன்னதாக முடிகிறது, அந்த ஐந்து நிமிடம் பூட்டுப் புத்தகம் பார்க்கலாம் என்பது போன்ற நல்ல மாற்றங்களோடு சில நாள் பழக்குங்கள். மாற்றம் என்றாலே இடி விழப்போகிறது என்ற எண்ணம் கொஞ்சம் தளரும். பிறகு ஓவிய ஆசிரியர் வராத நாளில் அதே சீட்டை ஓவியம் என்ற வரியின் மேல் வைத்து, ஓவியம் எந்த நாளுக்குப் போகிறது என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும். வெறுமனே இல்லை என்று சொல்வது அவனுக்குப் பள்ளம் மாதிரி.

வேலை கொடுக்கும்போதும் இதேதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டத்தில் நாங்கள் கற்றுக்கொள்ளும் அடிப்படை இது: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடிந்ததாக அர்த்தம், முடிந்ததும் என்ன. இந்த நான்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "கணக்குப் போடுங்கள்" என்றால் முடிவே இல்லாத வேலை. "முதல் ஐந்து கணக்கு, பிறகு நோட்டை என் மேஜையில் வை" என்றால் கரை தெரிகிறது.

பேச்சைக் குறையுங்கள். பெயரைச் சொல்லுங்கள், ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், நிறுத்துங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார், அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் நன்றாகவும் வந்தன. அது எல்லாப் பிள்ளைகளுக்கும். உங்கள் பையனுக்கு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நடுவில் அதே கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதைத்தான் நாம் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டிருக்கிறோம்.

அடம் வேறு, மெல்ட்டவுன் வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் நிறுத்தும், யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். மெல்ட்டவுன் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அங்கே கேட்பது என்று எதுவும் இல்லை, கொள்ளளவு நிறைந்து வழிகிறது, அவ்வளவுதான். அப்போது கேள்வி கேட்காதீர்கள், அறிவுரை வேண்டாம், பின்னாலிருந்து தொடாதீர்கள். மற்ற பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், விளக்கைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், நீங்கள் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி அமைதியாக இருங்கள். ஏன் செய்தாய் என்ற விசாரணை அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

உங்கள் வார்த்தையை அவன் திருப்பிச் சொன்னதில் நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள். கேலி என்று நினைக்காதீர்கள். பாரி பிரிஸன்ட், ஜூடித் டூகன் இருவரும் 1981-இலேயே, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு என்று காட்டினார்கள். தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள, புரிந்துகொள்ள நேரம் எடுக்க, தனக்கு நடந்ததைச் சொல்ல. "டீச்சர் கத்தினது எனக்குப் பயமாக இருந்தது" என்று சொல்ல அவனிடம் அந்த நேரத்தில் இருந்த ஒரே வாக்கியம் உங்களுடையதாக இருந்திருக்கலாம்.

---

ஓயாத மின்விசிறி எழுதியது:

எனக்கு 31 வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் "அமைதியான நல்ல பையன்". அதனால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. டீச்சர், நீங்கள் கவனிக்கிறீர்கள், அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மேஜைக்கு அடியில் போவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். அது தப்பித்தல் இல்லை, அவனே கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்து. அங்கே வெளிச்சம் குறைவு, முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை, பார்க்க வேண்டிய முகங்கள் இல்லை. அதைவிட நல்ல இடம் ஒன்றை நீங்கள் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், வகுப்பின் ஒரு மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில், அவனாகவே கேட்காமல் போய் உட்காரக்கூடிய இடம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த இடம் எந்தக் காலத்திலும் தண்டனையாக மாறக் கூடாது. ஒரு தடவை "போய் மூலையில் உட்கார்" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த இடம் போச்சு.

முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழக்குவது பற்றி. எனக்கு ஒருவர் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது காதில் விழாது. இரண்டில் ஒன்றுதான் முடியும். எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார், நான் அவர் புருவத்துக்கு நடுவில் பார்க்கக் கற்றுக்கொண்டேன், பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சரியான பதில் சொன்னால் அவன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

சத்தமும் வெளிச்சமும் நாங்கள் மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட் மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்ப நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்கும், பெரும்பாலானவர்கள் அதை உணர்வதே இல்லை, எனக்கோ மதியத்துக்குள் தலை கனத்துவிடும். புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ வேலை செய்வது ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் சேர்ந்ததே அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம் (DSM) கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்த 2013-இல்தான். அதற்கு முன் பள்ளியில் படித்த எங்களுக்கெல்லாம் "வேண்டுமென்றே செய்கிறான்" என்ற பெயர்தான் கிடைத்தது. அவனுக்குச் சத்தம் குறைக்கும் காதுமூடி கிடைக்குமா என்று வீட்டில் கேளுங்கள், நாள் முழுக்க இல்லை, மணி அடிக்கும் நேரத்துக்கும் கூட்டமான இடத்துக்கும் மட்டும்.

இன்னொன்று, நிழல்மரம் சொன்ன அந்த "முடிந்து தொடங்கும் இடம்" உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டைனா மரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகியோர் 2005-இல் ஒரு கட்டுரையில் ஆட்டிசத்தைக் கவனத்தின் வழியாக விளக்கினார்கள். மற்றவர்களின் கவனம் பல வாய்க்காலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும், எங்களுடையது ஒரே வாய்க்காலில் முழு வேகத்தில் ஓடும். அதைத் திடீரென்று அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? மணி அடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்வது எனக்கு, ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பித் தெருவில் நிறுத்துவது போல இருந்தது. மணியின் சத்தம் பாதிதான் காரணம். எனவே ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தடவை, இரண்டு நிமிடம் முன்னால் ஒரு தடவை, வாயால் சொல்லாமல் மேஜையில் ஒரு சீட்டை வைத்துச் சொல்லுங்கள்.

பூட்டுப் பேச்சைப் பிடுங்காதீர்கள். அது அவன் மூச்சு விடும் இடம். உடம்பை ஆட்டினால், விரலைச் சுண்டினால், அதையும் விட்டுவிடுங்கள், யாருக்கும் அடிபடாதவரை.

டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் எழுதிய ஒரு கருத்து என் வாழ்க்கையை எனக்கே விளக்கியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்று மட்டும்தான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். அவர் அது இரு பக்கமும் உள்ள சிக்கல் என்றார், மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒவ்வொரு நாளும் உங்கள் பக்கம் வர முயன்றுகொண்டிருக்கிறான். நீங்களும் பாதி தூரம் நடக்கத் தயாராக இருப்பதால்தான் இந்தக் கேள்வியையே எழுதியிருக்கிறீர்கள்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் 38 பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஆள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான் ஒரு வருடம் ஆர்வத்தில் ஐம்பது அறுபது பட அட்டை செய்து, வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவர் முழுக்க மாட்டினேன். என் மாணவிக்கு அந்தச் சுவரே தலைவலியாகிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு சிறிய அட்டை மட்டும், "இப்போது" ஒரு பக்கம், "பிறகு" ஒரு பக்கம் என்று வைத்த பிறகுதான் அவள் நிதானமானாள். அதனால் வெண்கட்டி டீச்சருக்கு என் வேண்டுகோள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது உதவியது என்றே தெரியாது, அதோடு அவனுக்கு அது இன்னொரு பெரிய மாற்றம்.

தேர்வுத்தாள் பற்றியும் ஒன்று. அந்த மாணவி "இந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்ல முடியுமா?" என்ற கேள்விக்கு "முடியும்" என்று எழுதிவிட்டுப் போனாள். அவள் மேல் தப்பே இல்லை, கேள்வி அப்படித்தான் கேட்கிறது. பூஜ்யம் போட எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு எல்லாருக்குமே "படிகளை எழுதுக" என்று மாற்றினேன். பக்கத்துக்கு மூன்று கணக்குக்கு மேல் வைப்பதில்லை. மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியதுதான் நான் எதிர்பார்க்காதது.

சலுகை என்று தலைமை ஆசிரியர் சொல்வதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கள் பள்ளியிலும் இதே பேச்சுதான்.

---

இரட்டைவால் குருவி எழுதியது:

நான் ஒரு அம்மா. என் மகளுக்கு இப்போது 14 வயது, ஆட்டிசம் உண்டு. டீச்சர், உங்கள் பதிவில் அந்தப் பையனின் வீட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்களிடம் பேசினீர்களா? பென்சில் பெட்டி பறந்த நாளில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னதைக் கேட்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் பேசினீர்களா? எனக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே கை நடுங்கும், ஏனென்றால் நல்ல செய்தி சொல்ல யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மூன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியை ஒரு சின்ன நோட்டுப் போட்டார். தினமும் இரண்டு வரி. "இன்று வரிசையில் கடைசிவரை நின்றாள்." "இன்று மதியம் சோர்வு, காரணம் தெரியவில்லை." நானும் காலையில் இரண்டு வரி எழுதுவேன், "இரவு தூங்கவில்லை" என்றோ "புதுச் சட்டை, கழுத்துப்பட்டி உறுத்துகிறது" என்றோ. அந்த இரண்டு வரியில் எத்தனையோ பெரிய சண்டைகள் நடக்காமலே போயின. ராத்திரி தூங்காத பிள்ளைக்கு அன்று முழுவதும் எல்லாச் சத்தமும் இரண்டு மடங்கு.

உங்கள் வகுப்பில் அவன் அமைதியாக இருக்கும் நாட்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். என் மகள் பள்ளியில் சத்தமே போட மாட்டாள். வீட்டு வாசற்படி தாண்டியதும் செருப்பைக் கழற்றுவதற்குள் அழ ஆரம்பிப்பாள், ஒரு மணி நேரம் நிற்காது. "இங்கே நன்றாகத்தானே இருக்கிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று என்னைக் கேட்டார்கள். நாள் முழுவதும் அடக்கி அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறாள் என்று புரிய எனக்கே இரண்டு வருடம் ஆனது. பெண் பிள்ளைகள் இப்படி மறைத்துக்கொள்வது அதிகம் என்பதால் பலருக்குக் கண்டறிவதே தாமதமாகிறது.

கழிப்பறையையும் கேளுங்கள். கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயந்து என் மகள் ஒரு வருடம் பள்ளியில் கழிப்பறைக்கே போகவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. யாருக்கும் தெரியாது. மதிய நேரத்தில் எரிச்சலாக இருக்கிறாள் என்று மட்டும்தான் எழுதி வந்தது.

அந்தப் பெண் குழந்தையின் பெற்றோரிடம் பேசும்போது அவனுடைய மருத்துவ விவரங்களைச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர், அவன் வீட்டில் கேட்காமல். இனி இப்படி நடக்காமலிருக்க வகுப்பில் என்ன மாற்றுகிறோம் என்பதை மட்டும் சொன்னால் போதும். உண்மையில் அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

---

நிழல்மரம் எழுதியது:

கணக்கு வாத்தியார் சார், சலுகை பற்றி. கண் சரியாகத் தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி போட விடுகிறோம், அதற்காக எல்லோருக்கும் கண்ணாடி வாங்குவதும் இல்லை, அவளுடையதைக் கழற்றச் சொல்வதும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. தனித் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்க வேண்டும் என்று அது நேரடியாகச் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் பேசும்போது இரக்கத்தின் பேரில் கேட்காதீர்கள், உரிமையின் பேரில் கேளுங்கள். எண்ணிக்கையையும் சொல்லலாம், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். ஓரளவு பெரிய பள்ளி எதுவாக இருந்தாலும் அங்கே ஒரே ஒரு பிள்ளை மட்டும் இருக்க வாய்ப்புக் குறைவு, கண்டறியப்பட்டது ஒருவர் என்பதுதான் சரியாக இருக்கும்.

வெண்கட்டி டீச்சருக்கு இன்னொன்று. பள்ளி அவனுக்கு உதவியாளர் ஒருவரைக் கொடுத்தால் சந்தோஷம், ஆனால் அவரை அவனுக்கு ஒட்டியபடியே உட்கார வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் யாரும் அவனிடம் வர மாட்டார்கள். வேலையைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

---

வெண்கட்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

முதல் வாரம் துண்டுத் தாளும் குறிப்பும் மட்டும். "அடுத்தது என்ன" மூன்றாம் நாளே குறைந்தது, இப்போது நாளுக்கு நாலைந்து தடவைதான், அதுவும் தாளைக் காட்டினால் தலையை ஆட்டிக்கொள்கிறான். குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எட்டு முறையில் ஆறு முறை மணி அடித்த கணத்தில் எதுவும் நடக்கவில்லை, அதற்கு அடுத்த சில நொடிகளில்தான். அதாவது 38 நாற்காலி ஒரே நேரத்தில் தரையில் இழுபடும் சத்தம்! அத்தனை வருடம் வகுப்பு எடுக்கிறேன், அந்தச் சத்தத்தை நான் காதில் வாங்கியதே இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து நாற்காலிக் கால்களுக்கெல்லாம் தடித்த துணி சுற்றிக் கட்டினோம். யாருக்காக என்று நான் சொல்லவில்லை, சத்தம் குறைந்தால் எல்லோருக்கும் நல்லது என்றேன். இப்போது வரிசை வரிசையாகத்தான் எழுந்திருக்கிறார்கள்.

அப்புறம் பூட்டு. புத்தக அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். பாடவேளை முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் மேஜையில் சாவியை வைக்கிறேன். நோட்டை மூடிவிட்டு, காதுமூடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து போய் அலமாரியைப் பூட்டுகிறான். மணி அடிக்கும்போது அவன் கையில் வேலை இருக்கிறது. பென்சில் பெட்டி பட்ட பெண் ஒருநாள் நானும் பூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவளுக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், ஏன் அந்தப் பக்கம் என்று பத்து நிமிடம் விளக்கினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் விடுப்பில் இருந்த நாளில் எனக்குப் பதிலாக வந்தவர் அந்தத் தாளைக் குப்பை என்று நினைத்துக் கிழித்துவிட்டார், அன்று மதியம் பெரிதாக உடைந்துவிட்டான். தவறு என்னுடையது, நான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இப்போது வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் அரைப் பக்கக் குறிப்பு ஒட்டியிருக்கிறேன். வீட்டோடு நோட்டும் தொடங்கிவிட்டோம். முதல் வரியைப் படித்துவிட்டு அவன் அம்மா கேட் அருகே நின்று அழுதார்கள், குருவி அம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்று நான் கத்தினேன், அது தவறு" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவன் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு புதுக் கவலை. அடுத்த மாதம் விளையாட்டு விழா. ஒலிபெருக்கி, விசில், நூற்றுக்கணக்கானவர்கள். அழைத்துப் போவதா, வீட்டில் இருக்கச் சொல்வதா?

---

ஓயாத மின்விசிறி எழுதியது:

அவனிடமே கேளுங்கள் டீச்சர், எழுதிக் கேளுங்கள், யோசிக்க இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அன்றைக்கு என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்று துண்டுத் தாளில் எழுதுங்கள். மைதானம் காலியாக இருக்கும் ஒரு மாலையில் கூட்டிப் போய், ஒலிபெருக்கி எங்கே இருக்கும், அவன் எங்கே உட்காருவான், போதும் என்று தோன்றினால் எந்த வழியாக வெளியே வரலாம் என்று நடந்து காட்டுங்கள். ஒரு போட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, விளையாட்டுச் சாமான் அறையின் சாவிப் பொறுப்பை எடுத்துக்கொள்வது, முழுதாக வருவது, வராமலே இருப்பது, நான்கையும் எழுதிக் கொடுங்கள். வராமல் இருப்பதும் மற்ற மூன்றைப் போலவே அந்தத் தாளில் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.